அழைத்தவர் யார்? அயல்நாட்டில் நிலம் வாங்கிக் குடியேறிய உழவர்கள்

2012ஆம் ஆண்டை ஒட்டிப் பஞ்சாபின் கிராமங்களில் ஜார்ஜியா என்ற நாட்டின் பெயர் அடிபடத் தொடங்கியது. கருங்கடலுக்குக் கிழக்கே, காகசஸ் மலைத்தொடருக்குத் தெற்கே இருக்கும் முன்னாள் சோவியத் குடியரசு அது. அங்கே ஒரு ஹெக்டேர், நம் கணக்கில் இரண்டரை ஏக்கர், ஆயிரம் டாலரை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது என்றார்கள் தரகர்கள். பஞ்சாபில் அந்தப் பணத்துக்கு வரப்புகூட வராது. விசா கெடுபிடி இல்லை. உள்ளூரில் ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்துகொண்டால் அதன் பெயரில் நிலம் வாங்கலாம். ஊரில் ஓரிரண்டு ஏக்கரை விற்றவர் அங்கே நூறு ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்ற கணக்கு, காகிதத்தில் பிழையில்லாத கணக்குதான்.

நிலம் மலிந்து கிடந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கூட்டுப் பண்ணைகளைக் கலைத்த ஜார்ஜிய அரசு, குடும்பத்துக்கு அதிகபட்சம் ஒன்றேகால் ஹெக்டேர் என்று பிரித்துக் கொடுத்தது. மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வாய்க்கால்கள் தூர்ந்தன, இயந்திரங்கள் துருவேறின, இளைஞர்கள் நகரத்துக்கும் அயல்நாட்டுக்கும் போனார்கள். வெளியாள் கண்ணுக்கு அது தரிசு. ஆனால் அதில் ஊர் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பதிவேட்டில் அரசு நிலம், ஊராரின் நினைப்பில் மேய்ச்சல் நிலம். அரசு அதை ஏலம் விட்டு, வாங்கியவர் வேலி போட்டதும் தகராறு பிறந்தது.

2012 அக்டோபர் தேர்தலில் மிகெயில் சாகாஷ்விலியின் கட்சி தோற்றது. அயல்நாட்டு உழவர்களைக் கூவி அழைத்தது அவருடைய அரசுதான். பஞ்சாபியருக்குச் சற்று முன்பே தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர் உழவர்களுக்கும் அந்த அழைப்பு போயிருந்தது. புதிய நாடாளுமன்றம் 2013 ஜூனில், அயல்நாட்டார் விவசாய நிலம் வாங்குவதை நிறுத்திவைத்தது. 2014ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் அயல்நாட்டார் தங்குவதற்கான விதிகள் இறுகின. பிறகு சாசனத்தையே திருத்தினார்கள். 2018 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, குறுகிய சில விலக்குகள் தவிர, விவசாய நிலம் அரசுக்கும் குடிமக்களுக்கும் மட்டுமே உரியது. ஏற்கெனவே வாங்கியவரின் பத்திரம் கையில் இருக்கிறது. அந்த நிலத்தை இன்னொரு அயல்நாட்டவருக்கு விற்கும் வழி அடைபட்டுப்போனது. வாங்க ஆளில்லாத நிலத்தின் விலை என்னவாகும் என்று உழவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கதையில் மண்ணின் மீது குறையில்லை, மழையின் மீதும் இல்லை. உழைக்கப் போனவர்களும் சோம்பேறிகள் அல்ல. கடந்த நூறாண்டில் நாடு விட்டு நாடு போய் நிலம் வாங்கிய உழவர் கூட்டங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தால், வெற்றி தோல்வியை மண்ணைவிட அதிகமாகத் தீர்மானித்தது ஒரு கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: அவர்களை அழைத்தது யார்? கைக்கு ஆள் போதாமல் தவித்த பண்ணைக்காரர் அழைத்தாரா, செய்தித்தாளில் பெயர் வரவேண்டிய ஆட்சியாளர் அழைத்தாரா? முதல் வகை அழைப்பில் போனவர்கள் பெரும்பாலும் கூலியாட்களாகவும் குத்தகைக்காரர்களாகவும் நுழைந்தார்கள், நின்றார்கள். இரண்டாம் வகையில் போனவர்கள் முதல் நாளே நில உடைமையாளர்களாக இறங்கினார்கள். அவர்களில் நிலைத்தவர் குறைவு. விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் விலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே நெதர்லாந்தில் ஒரு ஹெக்டேர் உழுநிலம் 70,000 யூரோவைத் தாண்டிவிட்டது. ருமேனியா, குரோவேஷியா போன்ற நாடுகளில் அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ கொடுத்தால் போதும். ஒரே சந்தை, ஒரே மானியக் கொள்கை, எல்லையில் சோதனைகூட அநேகமாக இல்லை. இருந்தும் டச்சு உழவர்கள் எல்லோரும் கிழக்கே ஓடிவிடவில்லை. காரணம், அந்த நாடுகளும் இந்த விலை வேறுபாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. 2004ல் ஒன்றியத்தில் சேர்ந்த கிழக்கு நாடுகள், அயல்நாட்டார் விவசாய நிலம் வாங்குவதைச் சில ஆண்டுகள் தடுத்துவைக்கும் உரிமையைப் பேரம் பேசி வாங்கின. போலந்து 12 ஆண்டு கேட்டு வாங்கியது. 2007ல் சேர்ந்த ருமேனியாவும் பல்கேரியாவும் 2014 வரை கதவைச் சாத்தி வைத்திருந்தன. கதவு திறந்த பிறகும் ருமேனியா 2020ல் சட்டத்தை இறுக்கியது. விற்பனைக்கு வரும் நிலத்தில் பக்கத்து நிலக்காரர், குத்தகைக்காரர் என்று ஒரு வரிசைக்கு முன்னுரிமை. வாங்கிய நிலத்தைச் சில ஆண்டுகளுக்குள் லாபத்துக்குக் கைமாற்றினால் கடும் வரி.

ஹங்கேரியில் நடந்தது இதைவிடச் சுவையானது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே அயல்நாட்டாருக்கு நிலம் விற்கத் தடை வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியா. பணம் இருந்தது, ஆசையும் இருந்தது. எனவே ‘சட்டைப்பை ஒப்பந்தம்’ என்று ஒரு முறை புழக்கத்துக்கு வந்தது. விற்பவர் கையெழுத்திட்டு, தேதி போடாமல் பத்திரத்தைக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, தடை நீங்கும் நாள்வரை பத்திரத்தைப் பையில் வைத்திருப்பார். இன்னொரு வழி, நிலத்தை வாங்காமல் அதன் பலனை அனுபவிக்கும் உரிமையை மட்டும் பெறுவது. 2014 மே 1 அன்று ஹங்கேரி இந்த அனுபோக உரிமைகளை, நெருங்கிய உறவினருக்கு இடையிலானவை தவிர, ஒரே சட்டத்தால் ஒழித்தது. இழப்பீடு இல்லை. 2018 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் இது தவறு என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பாவுக்குள் உழுதவருக்கு நான்கு ஆண்டு கழித்தாவது போய் முறையிட ஒரு நீதிமன்றம் இருந்தது. மற்ற இடங்களில் அதுவும் இல்லை.

அதற்கு ஜிம்பாப்வே சாட்சி. அங்கே 2000ஆம் ஆண்டில் சுமார் 4,500 பெரும் பண்ணைகள் வெள்ளையரிடம் இருந்தன. நாட்டின் நல்ல மண்ணில் பெரும்பகுதி அது. 1930ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டம் கறுப்பின மக்களை ஓரத்துக்குத் தள்ளி உருவாக்கிய ஏற்பாடு. அந்த அநீதியில் எந்தச் சந்தேகமும் இல்லை. நம் கேள்விக்கு முக்கியமானது வேறொரு செய்தி. 1980ல் விடுதலை வந்த பிறகு, புதிய அரசின் கீழ், முழு விலை கொடுத்து நிலம் வாங்கியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பண்ணையை விற்பவர் முதலில் அரசிடம் காட்ட வேண்டும். அரசுக்கு அதில் இப்போது நாட்டமில்லை என்று சான்றிதழ் வாங்கிய பிறகே வேறொருவருக்கு விற்கலாம். அந்தச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர்களும் 2000க்குப் பிறகு பண்ணையை இழந்தார்கள். 2005ல் சாசனத்தைத் திருத்தி, நீதிமன்றத்துக்குப் போகும் வழியும் அடைக்கப்பட்டது. தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகத்தின் தீர்ப்பாயம் 2008ல் உழவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2010ல் அந்தத் தீர்ப்பாயமே முடக்கப்பட்டது. 2020ல் 350 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இழப்பீடு நிலத்துக்கு அல்ல, நிலத்தின் மேல் கட்டியவற்றுக்கு.

வெளியேறியவர்களை மற்ற ஆப்பிரிக்க நாடுகள் வரவேற்றன. இங்கே ஒரு சோதனைக்கூடம்போல விடைகள் பிரிந்து கிடக்கின்றன. ஒரே பயிற்சி, ஒரே அனுபவம் உள்ள உழவர்கள், மூன்று நாடுகள், மூன்று முடிவுகள். ஜாம்பியாவின் ம்குஷி பகுதியில் ஏற்கெனவே பெரும் பண்ணைகள் இருந்தன. சாலையும் சந்தையும் இருந்தன. 99 ஆண்டுக் குத்தகைப் பட்டாவை வங்கி அடமானமாக ஏற்றுக்கொண்டது. போனவர்களில் கணிசமானோர் நிலைத்தார்கள், புகையிலையும் கோதுமையும் பெருகின. மொசாம்பிக்கில் நிலம் முழுவதும் அரசுடையது. விற்கவோ அடகு வைக்கவோ முடியாது, பயன்படுத்தும் உரிமை மட்டுமே கிடைக்கும். மனிக்கா மாகாணத்தில் இறங்கியவர்கள் வங்கிக் கடன் இல்லாமல், உதிரிபாகம் விற்கும் கடைகூடப் பக்கத்தில் இல்லாமல், சில ஆண்டுகளில் பெரும்பாலும் நொடித்தார்கள். ஜிம்பாப்வேயில் தங்கள் திறமை என்று அவர்கள் நினைத்திருந்ததில் ஒரு பங்கு, தலைமுறைகளாக அரசு அவர்களுக்காகப் போட்டுக்கொடுத்த சாலை, மின்சாரம், ஆராய்ச்சி நிலையம், மலிவுக் கடன் ஆகியவற்றின் பங்கு என்பது மொசாம்பிக்கில்தான் தெரியவந்தது.

மூன்றாவது நைஜீரியாவின் குவாரா மாநிலம். ஆளுநர் புக்கோலா சராக்கி 2004ல் நேரடியாக அழைத்தார். 13 உழவர்கள் ஷோங்கா என்ற இடத்துக்கு வந்தார்கள். ஆளுக்கு 1,000 ஹெக்டேர், 25 ஆண்டுக் குத்தகை. நைஜர் ஆறு பக்கத்திலேயே ஓடியது. ஆனால் மழையை நம்பி விதைத்த முதல் பயிர்கள் ஏமாற்றின. நைஜீரிய வங்கிகளின் வட்டி, எந்தத் தானியப் பயிரும் தாங்கக்கூடிய வட்டி அல்ல. பிறகு பாலுக்கும் கோழிக்கும் மாறினார்கள். அமைச்சர்களும் நிருபர்களும் வந்து பார்த்துப் போகும் இடமாக ஷோங்கா இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல உழவர்களின் எண்ணிக்கை தேய்ந்தது. இதேபோல 1996ல் மண்டேலாவும் மொசாம்பிக் அதிபர் சிசானோவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி நியாசா மாகாணத்தில் குடியேறிய ஆஃப்ரிக்கானர் உழவர்களின் முயற்சியும் கரைந்துபோனது. இரண்டு நாட்டு அதிபர்களின் கையெழுத்தைவிட உயர்ந்த அழைப்பிதழ் கிடையாது. சாலை இல்லாத ஊரிலிருந்து சோளத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக அது உதவவில்லை.

நிறுவனங்களின் கதையை விரைவாகக் கடக்கிறேன், ஏனெனில் அவை குடியேறவில்லை. பெங்களூரிலிருந்து ரோஜா வளர்க்கப் போன கருத்துரி குளோபல், எத்தியோப்பியாவின் கம்பெல்லாவில் 1,00,000 ஹெக்டேரை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 20 பிர் குத்தகைக்கு எடுத்தது. அன்றைய மதிப்பில் ஒரு டாலரைச் சற்றுத் தாண்டும். 2011ல் பாரோ ஆறு பெருகி மக்காச்சோளத்தை அடித்துக்கொண்டு போனது. அந்தச் சமவெளி வெள்ளத்தில் மூழ்கும் என்பது அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அவர்களை யாரும் கேட்கவில்லை. 2015 இறுதியில் அரசு ஒப்பந்தத்தை ரத்துசெய்தது. மடகாஸ்கரில் தென்கொரியாவின் தேவூ 13 லட்சம் ஹெக்டேரை 99 ஆண்டுக்குக் கேட்டது 2008ல் வெளிவந்தது. 2009 மார்ச்சில் அதிபர் ரவலோமனானாவின் ஆட்சி கவிழ்ந்ததற்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம்.

தமிழர்கள் இந்த விவகாரத்துக்குப் புதியவர்கள் அல்ல. அயல்நாட்டு வயலைத் தமிழர் மிகப் பெரிய அளவில் கைக்கொண்டது கீழ்ப் பர்மாவில். ஆனால் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நிலம் வாங்கப் போகவில்லை, வட்டிக்குக் கொடுக்கப் போனார்கள். 1930ஐ ஒட்டி சுமார் 1,650 கடைகளும் 75 கோடி ரூபாய் முதலும் அங்கே இருந்ததாக வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. காடாகவும் சதுப்பாகவும் கிடந்த ஐராவதி கழிமுகத்தை வயலாக்கிய பர்மிய உழவருக்கு முதல் கொடுத்தது பெரும்பாலும் அந்தப் பணம்தான். 1930ல் நெல் விலை சரிந்தது. கடன் நின்றது, ஈடாக வைத்த நிலம் வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 1930ல் 6 விழுக்காடு, 1937ல் 25 விழுக்காடு. வேண்டாத சொத்து அது. கடையை நடத்தும் மேலாளும் அவருக்கு உதவும் அடுத்தாளும் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பும் வழக்கமுள்ள ஒரு சமூகம், நாலில் ஒரு பங்கு வயலுக்குச் சொந்தமாகி நின்றது. உழுதவன் பர்மியன், பத்திரம் செட்டிநாட்டில். அவர்களை அழைத்தது யார் என்று பார்த்தால், அடமான நிலத்தைக் கடன் கொடுத்தவனுக்கு மாற்றிக்கொடுக்கும் பிரிட்டிஷ் சட்டம்தான். 1942ல் ஜப்பானியப் படை வந்ததும் கால்நடையாக வெளியேறினார்கள். 1948ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கியது. பர்மிய தேசியவாதிகளின் எழுத்தில் செட்டியார் என்ற பெயர் எப்படி இடம்பெற்றது என்பதைப் படித்தவர்கள், வட்டி விகிதத்தைப் பற்றி மட்டும் பேசி இந்த வரலாற்றை முடிக்க மாட்டார்கள்.

இனி மறுபக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த நெதர்லாந்தில் பிள்ளைகள் அதிகம், நிலம் குறைவு. 1950 புத்தாண்டு உரையில் பிரதமர் வில்லம் ட்ரேஸ், மக்களில் ஒரு பகுதியினர் அகன்ற நாடுகளுக்குப் போகத் துணிய வேண்டும் என்றார். அதற்கு முன்பே, 1947 கோடையில், வாட்டர்மன் என்ற படைக்கப்பல் உழவர் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மாண்ட்ரீல் துறைமுகத்தில் சேர்த்திருந்தது. போனவர்கள் காசில்லாதவர்கள் அல்ல. பணத்தை வெளியே கொண்டுபோக நெதர்லாந்து கடும் கட்டுப்பாடு வைத்திருந்தது. எனவே தட்டுமுட்டுச் சாமான்களையும் கருவிகளையும் பெரிய மரப்பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போனார்கள். ஏற்பாட்டின்படி ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு கனடியப் பண்ணைக்காரர் பொறுப்பேற்றிருந்தார். அவர் பண்ணையில் கூலி வேலை. ஊரில் சொந்த மாடு வைத்திருந்தவர் இங்கே பிறர் மாட்டின் சாணம் அள்ளினார். அந்த அவமானத்தில் ஒரு கல்வி இருந்தது. எந்த மாதம் மண் உருகும், எந்த விதைக் கடைக்காரர் கடன் கொடுப்பார், எந்த நிலத்தில் தண்ணீர் நிற்கும், எந்தக் கிழவருக்கு வாரிசு இல்லை என்பதெல்லாம் தெரிந்த பிறகே அவர்கள் நிலம் வாங்கினார்கள். பல நேரங்களில் விற்றவரே தவணை கொடுத்தார். ஒன்ராரியோவின் பால் பண்ணைகளில் இன்றும் டச்சுப் பெயர்கள் நிறைந்திருக்கின்றன.

கலிஃபோர்னியாவுக்குப் போன பஞ்சாபியர் இதைவிடக் கடுமையான படிகளில் ஏறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். குடியுரிமைக்குத் தகுதியற்றவர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று 1913ல் மாநிலம் சட்டம் போட்டது, 1920ல் இறுக்கியது. இந்தியருக்குக் குடியுரிமை இல்லை என்று 1923ல் உச்ச நீதிமன்றம் முடித்தது. எனவே நிலத்தை வெள்ளைக்கார நண்பர், வக்கீல், வங்கிக்காரர் பெயரில் வாய்மொழி நம்பிக்கையில் வாங்கினார்கள். மெக்சிகப் பெண்களை மணந்தவர்கள் பிள்ளைகள் பெயரில் எழுதினார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் உண்டு. 1925ல் இம்பீரியல் பள்ளத்தாக்கில் ஒரு பஞ்சாபி உழவர், விளைச்சலின் பங்கை எடுத்துக்கொண்ட இரண்டு கூட்டாளிகளைக் கொன்றே போட்டார். ஆனால் பெரும்பாலான வாய்மொழி ஒப்பந்தங்கள் நிலைத்தன. அவர்களின் உழைப்பு அந்த ஊருக்குத் தேவைப்பட்டது, நிலக்காரருக்கு அவர்களால் வருமானம் வந்தது. 1946ல் குடியுரிமைச் சட்டம் மாறியதும் நிலம் அவர்கள் பெயருக்கு வந்தது. யூபா சிட்டியைச் சுற்றியுள்ள பீச் தோப்புகளில் பெரும் பங்கு இன்று சீக்கியர்களுடையது. ஆஸ்திரேலியாவின் வுல்கூல்காவில் வாழைத் தோட்டக் கூலிகளாகத் தொடங்கிய சீக்கியரும் இதே வழியில் போனவர்கள்தான். குத்தகை, பிறகு சொந்தம், பிறகு வாழையை விட்டு புளூபெர்ரி. 1968ல் அங்கே ஒரு குருத்வாரா எழுந்தது. கனடாவின் டச்சுக் குடியேறிகள் தங்கள் சீர்திருத்தத் தேவாலயத்தைச் சுற்றிக் கூடியதும் அதே தேவைக்காகத்தான். பண்ணை வாழ்க்கையில் பக்கத்து வீடு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். புதுமொழியில் பள்ளிக்கூட ஆசிரியையோடு பேச வேண்டியவள் பெரும்பாலும் மனைவி. வயலில் தோற்று ஊர் திரும்பியவர்களைவிட, சமையலறையின் தனிமையில் தோற்றுத் திரும்பிய குடும்பங்கள் குறைவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

நியூசிலாந்து இந்தப் படிக்கட்டைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கே பால் வாரம் என்று சொல்லத்தக்க ஒரு முறை உண்டு. நிலமும் கறவைக் கொட்டகையும் ஒருவருடையது, மாடுகளும் உழைப்பும் இன்னொருவருடையது, பால் பணம் ஏறக்குறைய பாதிப் பாதி. பால் வார ஒப்பந்தங்களுக்கென ஒரு சட்டம் 1937லேயே வந்துவிட்டது. சம்பள ஆளாகத் தொடங்கி, மாடு சேர்த்து, வாரத்துக்கு எடுத்து, கடைசியில் மாட்டை விற்று நிலம் வாங்குவது அங்கே பழகிய பாதை. நேராகப் பணத்தோடு வந்து நிலம் வாங்க நினைக்கும் அயல்நாட்டவர், ஐந்து ஹெக்டேருக்கு மேல் என்றால் அரசின் தனி அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும்.

என் வாதத்துக்கு அடங்காத ஒரு கூட்டம் மென்னோனைட் கிறித்தவர்கள். ஆங்கிலப் பள்ளிகளை வற்புறுத்திய கனடிய மாகாணங்களோடு பிணங்கி, 1920களில் பராகுவேயின் சாக்கோ பாலைக்காட்டுக்குப் போனார்கள். அவர்களை அழைத்தது அரசுதான். ஆனால் அவர்கள் அமைச்சரின் சொல்லை நம்பவில்லை. படைக்கு ஆள் கொடுக்க வேண்டியதில்லை, பள்ளி தங்களுடையது, வாரிசு முறை தங்களுடையது என்று 1921ல் 514ஆம் எண் சட்டமாக நாடாளுமன்றம் இயற்றிய பிறகே கிளம்பினார்கள். நிலத்தைத் தனித்தனியாக வாங்காமல் கூட்டாக வாங்கினார்கள். அப்படியும் ஆற்றுத் துறையில் காத்திருந்த முதல் மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் இறந்தார்கள், பலர் திரும்பினார்கள். தலைநகரிலிருந்து சாலை வந்து சேர 1961 ஆயிற்று. இன்று அவர்களின் கூட்டுறவுகள் பராகுவேயின் பால் தொழிலில் முன்னணியில் இருக்கின்றன. பொலிவியாவோடு எல்லைத் தகராறு இருந்த நிலத்தில் ஆட்களைக் குடிவைப்பதில் பராகுவேக்கு ஒரு கணக்கு இருந்தது, அதனால் சலுகை பிழைத்தது. யாருமற்ற நிலம் என்று அன்று விற்கப்பட்ட அந்தக் காட்டில் என்லெத் பழங்குடியினர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வெற்றிக் கதை பாதிக் கதை.

நிலம் வாங்கினால் கூட என்னவெல்லாம் வரும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். நம் ஊரில் தோட்டம் வாங்கினால் கிணறும் அதில் ஊறும் தண்ணீரும் சேர்ந்து வரும். ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகையில் ஆற்று நீர் உரிமை தனிச் சொத்து. முந்தைய உடைமையாளர் அதைத் தனியே விற்றிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது புழுதி. கனடாவில் பால் விற்க உரிமை வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கிலோ வெண்ணெய்க் கொழுப்பு விற்கும் உரிமைக்கு, ஏறக்குறைய ஒரு மாட்டின் பாலுக்கு, ஒன்ராரியோவில் உச்சவரம்பு விலை 24,000 கனடிய டாலர். நூறு மாட்டுப் பண்ணை என்றால் நிலம், கொட்டகை, மாடு எதுவும் சேராமல் 24 லட்சம் டாலர். ஆல்பர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் நிரந்தர வசிப்புரிமை இல்லாத அயல்நாட்டவர் சில ஏக்கருக்கு மேல் விவசாய நிலம் வாங்க முடியாது. இவை எல்லாம் தலைசுற்ற வைக்கும் செலவுகள், தடைகள். ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்த செலவுகள். ஜார்ஜியாவிலும் கம்பெல்லாவிலும் அதே செலவு பிற்பாடு, எழுதாத வடிவத்தில் வந்தது. மலிவு விலைப் பட்டியலைக் காட்டும் தரகரைவிட, கட்டணப் பட்டியலை நீட்டும் அரசை நான் நம்புவேன்.

நெதர்லாந்தின் உழவர்கள் இப்போது மீண்டும் கிளம்பும் நிலையில் இருக்கிறார்கள். நைட்ரஜன் மாசு தொடர்பாக 2019ல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, கால்நடைப் பண்ணைகளை விலை கொடுத்து மூடும் திட்டங்களை அரசு கொண்டுவந்தது. 2023ல் ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் அளித்தபோது ஒரு நிபந்தனை இருந்தது. பணம் வாங்கியவர் அதே கால்நடைத் தொழிலை நெதர்லாந்திலோ ஒன்றியத்தின் வேறு நாட்டிலோ மீண்டும் தொடங்கக் கூடாது. மாட்டை விட மனமில்லாதவருக்கு மிஞ்சுவது ஐரோப்பாவுக்கு வெளியே. இம்முறை அவர்கள் கூலிகளாக அல்ல, கையில் முதலோடு போகிறார்கள். பேரன்களுக்குத் தாத்தாக்களின் படிக்கட்டு தேவைப்படுமா என்பது பத்தாண்டில் தெரிந்துவிடும்.

நம் ஊரில் இதை யோசிப்பவர்களுக்கு இரண்டு சட்டச் செய்திகள். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். மேலே சொன்ன நூறு மாட்டு உரிமைக்கு அது பல ஆண்டுத் தவணை. இதைவிட முக்கியமானது திரும்பும் பாதை. அயல்நாட்டில் வசிக்கும் இந்தியரும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் இந்தியாவில் வீடு வாங்கலாம், விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ வாங்க முடியாது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. தஞ்சாவூரில் இருந்ததை விற்றுவிட்டு வெளியே போய்த் தங்கியவர், மனம் மாறி அங்கிருந்தபடியே பக்கத்து வயலைக்கூட வாங்க முடியாது. முதலில் திரும்பி வந்து இந்தியாவில் வசிப்பவர் ஆக வேண்டும். அதனால் போகிறவர்கள் பூர்வீக நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போவதே நல்லது என்பது என் கருத்து.

இலங்கையில் கதவு வேறு பக்கம் மூடியிருக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது, 99 ஆண்டு வரை குத்தகைக்கு மட்டும் விடலாம். கனடியப் பிரஜையாகிவிட்ட யாழ்ப்பாணத்துக்காரரும் அச்சட்டத்தின் முன் வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு விலக்கு உண்டு. அதைப் பெறாமல், ஊரிலுள்ள உறவினர் பெயரில் உறுதி முடிப்பவர், 1920களில் கலிஃபோர்னியப் பஞ்சாபியர் எடுத்த அதே ஆபத்தை எடுக்கிறார்.